அடிஸ்கேலோடு ஒரு பாண்டிப் பயணம்

திருவான்மியூரில் பஸ் ஏறியபோது என் தோள்பையில் நாலு பொருள்கள் இருந்தன. துணி அளக்கும் டேப், மகளின் பள்ளிப் பையிலிருந்து எடுத்த ஸ்டீல் அடிஸ்கேல், ஆலன் கீ செட், பழைய பனியன் துணி. தை மாதக் கடைசி, வியாழக்கிழமை. பாண்டிச்சேரியில் இரண்டு பழைய ரோடு பைக்குகள் விலைக்கு இருப்பதாகத் தெரிந்து பார்க்கப் போனேன். பிடித்திருந்தால் வாங்கி, அதிலேயே சென்னைக்குத் திரும்பி வருவது என்று முடிவு செய்திருந்தேன். கடைவாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டினால்தான் அதன் குணம் தெரியும்.

கையில் இருந்தது இருபத்தைந்தாயிரம் ரூபாய். மூன்று மாதம் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். புதிது வாங்கினால் கைக்காசு போதாது, அது பெரிய பிரச்சினையாக இல்லை. பிரச்சினை என் உயரம். 158 சென்டிமீட்டர். ஒரு கடையில் 54 அளவு ஃபிரேமைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தால் கை எட்டாமல் முன்னால் கவிழ்ந்து கிடந்தேன். "சீட்டை இறக்கிக்கலாம் மேடம், பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் விற்பனையாளர். சின்ன அளவு வேண்டும் என்றேன். ஆர்டர் போட்டால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். இன்னொரு கடையில், லேடீஸ் சைக்கிள் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கூடை வைத்த வண்டியைக் காட்டினார்கள்.

சீட்டை இறக்கினால் கால் எட்டும். கை எட்டாது. ரோடு பைக்கில் இதுதான் சூட்சுமம். பெடல் சுற்றும் அச்சுக்கும் ஹேண்டில் வந்து சேரும் கழுத்துக்கும் இடையே கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்பதை ரீச் என்கிறார்கள், செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பதை ஸ்டாக். இந்த இரண்டும் ஃபிரேமோடு பிறந்தவை. ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் குட்டையாக மாற்றினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மிச்சப்படும், அவ்வளவுதான். பெரிய சைக்கிளில் உட்கார்ந்த குள்ளமான ஆளுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து, தோள்பட்டை, உள்ளங்கை என்று வரிசையாக வலி ஆரம்பிக்கும். பிறகு சைக்கிள் பால்கனிக்குப் போய்த் துணி காயப்போடும் கம்பியாகிவிடும்.

அளவில்லாத சைக்கிளை ஓட்டுவது எப்படி என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். என் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுத்துச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். என் அம்மா கற்றுக்கொண்டது அப்பாவின் இருபத்திரண்டு இஞ்ச் வண்டியில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறுவதற்குத் திண்ணை, இறங்குவதற்கு இன்னொரு திண்ணை என்று கணக்கு வைத்து ஓட்டினாள். அந்த முன்பாரில்தான் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். இன்றைக்கும் அம்மாவின் வலது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது, திண்ணை இல்லாத இடத்தில் இறங்கியதற்கு. அந்தத் தலைமுறை கிடைத்த வண்டியில் ஏறிப் போனது. நான் எனக்குச் சரியான வண்டியைக் கேட்கும் இடத்துக்கு வந்ததே அவர்களால்தான். அதனால் அளவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் கணக்கைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கால்களுக்கிடையே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இடுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உள்கால் நீளம் வரும். எனக்கு 73 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். பல காலமாகப் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் சூத்திரம். எனக்கு 64.5. ஆரம்பிக்க அது போதும். அப்புறம் முழங்கால் என்ன சொல்கிறதோ அதன்படி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

முதல் சைக்கிள் முத்தியால்பேட்டையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வராந்தாவில் நின்றது. கறுப்புக் கார்பன் ஃபிரேம். தூக்கினால் ஒரு கையில் வந்தது. புதிதில் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியதாம், இருபத்திரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்றார் அந்த வீட்டுக்காரர். நல்ல மனிதர், காபி கொடுத்தார். போனில் மீடியம் சைஸ் என்று சொல்லியிருந்தார். மீடியம் என்றால் 54. தெரிந்தேதான் போனேன். அந்த விலைக்கு அந்த ஃபிரேம் என்றதும் மனசு அலைந்தது உண்மை.

சீட்டை என் உயரத்துக்கு இறக்கிப் பார்க்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினேன். சீட் போஸ்ட் அசையவில்லை. இருவரும் பிடித்துத் திருகினோம், அசையவேயில்லை. குழாயின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. போஸ்ட் அலுமினியம், ஃபிரேம் கார்பன். இந்த இரண்டுக்கும் இடையில் உப்பு ஈரம் இறங்கினால் பேட்டரி போல வேலை நடந்து அலுமினியம் அரிக்கும். அரித்த அலுமினியம் பொடியாகி முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாய்க்குள் ஆப்பு அடித்தது மாதிரி இறுகிவிடும். கடற்கரை ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை போஸ்ட்டை உருவித் துடைத்து மறுபடி போடாவிட்டால் இந்தக் கதிதான். பலம் போட்டு எடுத்தால் கார்பன் விரிசல் விடலாம். கார்பனில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடந்து ஒரு நாள் திடீரென்று முறியும். பழைய கார்பன் சைக்கிளைக் குறைந்த காசில் முதன்முதலாக வாங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து. அது யார் கையில் எத்தனை முறை விழுந்தது என்று ஃபிரேம் சொல்லாது. அலுமினியமும் இரும்பும் அடிபட்டால் நசுங்கலாகவோ பெயிண்ட் வெடிப்பாகவோ பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காபிக்கு நன்றி சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் கோரிமேட்டுக்குப் போனேன்.

இரண்டாவது சைக்கிள், மேற்படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் இளம் மருத்துவருடையது. திருநெல்வேலிப் பெண். கதவைத் திறந்ததும் அவளைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் உயரம்தான் இருந்தாள். "வாங்கக்கா. சைக்கிள் மேலதான் நிக்கி. கீழ வச்சா உப்புக்காத்துல துரு ஏறிரும்லா" என்று மாடிக்குக் கூட்டிப்போனாள். அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். நடுவில், சாம்பல் நிற அலுமினிய ஃபிரேம், அளவு 48, கிளாரிஸ் கியர்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹேண்டிலும் கழுத்தும் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றி வெல்டிங் ஓடும் இடம், பின்சக்கரம் மாட்டும் கவட்டை. பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், கோடு இல்லை. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன், கழுத்தில் ஆட்டம் இல்லை. சீட் போஸ்ட் வெண்ணெயில் கத்தி போவதுபோல் இறங்கியது.

பிறகு அடிஸ்கேல். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். இருபத்துநாலு கண்ணிகள் சேர்ந்தால் கச்சிதமாக ஓர் அடி. ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்துச் செயினை இழுத்துப் பிடித்தால், இருபத்துநாலு கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு பன்னிரண்டு அங்குலக் கோட்டில் நிற்கவேண்டும். ஓட்ட ஓட்டப் பின்கள் தேய்ந்து செயின் நீளும். கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பாகும். இந்தச் செயின் பதினாறில் ஒரு பங்கைத் தொட்டிருந்தது. அவளிடம் காட்டினேன்.

"அஞ்சு வருசத்துல ஒருதரம் கூட மாத்தல அக்கா. மாத்தணும்னே எனக்குத் தெரியாது" என்றாள். டயர்களின் பக்கச் சுவரிலும் மெல்லிய வெடிப்புகள். ரப்பர் காய்ந்துவிட்டது. இருபதாயிரம் கேட்டிருந்தாள். செயினுக்கும் இரண்டு டயருக்கும் ஆகும் செலவைச் சொன்னேன். பேரம் என்று பெரிதாக இல்லை. பதினேழாயிரத்துக்கு ஒத்துக்கொண்டோம். ஒரு சின்னப் பித்தளைத் திருகாணியைக் கையில் வைத்து, "இத மட்டும் தொலைச்சிராதீங்க" என்றாள். அது எதற்கு என்று மறுநாள் தெரிந்தது.

குடியிருப்புத் தெருக்களில் ஓட்டிப் பார்த்தேன். கை பிரேக் லீவரை எட்டியது. லீவரின் உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருகினால் சிறிய கைகளுக்கு லீவர் கிட்டே வரும். அவள் முன்பே அப்படி வைத்திருந்தாள். மெதுவாக முழு வளைவு வளைத்தபோது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் உரசியது. சின்ன ஃபிரேமில் பெரியவர்களுக்கான அதே 700சி சக்கரத்தைப் போடுவதால் வரும் கோளாறு இது. வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம், அதனால் ஆபத்தில்லை. தெருமுனையில் யூ-டர்ன் அடிக்கும்போது மட்டும் கால் எங்கே இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளவேண்டும். குள்ளமான யாராவது முதல் சைக்கிள் வாங்கப் போனால் இதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கியரைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மக்கள் அதிகமாகக் குழம்புவது அதில்தான். ஷிமானோவில் கிளாரிஸ் பின்னால் எட்டு, சோரா ஒன்பது, டியாக்ரா பத்து. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயிரக்கணக்கில் விலை ஏறும். சென்னையிலிருந்து பாண்டிவரை ஒரு மேடுகூட இல்லாத கடற்கரைச் சாலையில் ஓட்டப்போகிறவருக்கு எட்டே அதிகம். டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது, கியர் மாற்றும் கருவியை அதில் 1937இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்ப்பேன். ஏழு கியரும் அதற்குக் கீழும் உள்ள மலிவு வண்டிகளில் பல்சக்கரம் ஃப்ரீவீலாக மரையில் திருகியிருக்கும். வலதுபக்கப் பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சுக்கு அந்தப் பக்கம் தாங்கல் குறைவு, பள்ளத்தில் விழுந்தால் வளையும். எட்டும் அதற்கு மேலும் உள்ள ரோடு கியர்களில் பெரும்பாலும் கேசட். அச்சு நன்றாகத் தாங்கும். எட்டுக்குப் போவதில் அர்த்தம் உண்டு, அதற்கு மேல் போவது அவரவர் கையிருப்பு.

அன்று சாயங்காலம் ஊருக்குள் ஒரு கடையில் செயினும் 28 எம்.எம். டயர்கள் இரண்டும் வாங்கினேன். முன்பெல்லாம் ரோடு பைக் என்றால் 23 எம்.எம். டயர், கல் மாதிரி காற்றடிப்பார்கள். ஒல்லி டயரே வேகம் என்று நம்பிய காலம். இப்போது பந்தயக்காரர்களே 28க்கு வந்துவிட்டார்கள். கொஞ்சம் அகலமான டயரில் காற்றைக் குறைத்து அடித்தால் கரடுமுரடான சாலையில் வண்டி துள்ளாது, துள்ளலில் வீணாகும் சக்தி மிச்சம். நம் சாலைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. ஆனால் ஃபிரேமிலும் பிரேக்கிலும் 28 நுழைய இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டும். பழைய ரோடு பைக்குகள் பலவற்றில் 25க்கு மேல் நுழையாது.

மாட்டுவதற்குப் போனது ஒரு பெரியவரின் கடைக்கு. கடை என்றால் வேப்பமரத்தடியில் தகரக் கூரை, அவ்வளவுதான். பெரும்பாலும் மீன்கூடை ஏற்றும் சைக்கிள்கள் அவரிடம் வருகின்றன. இந்த வண்டிக்கெல்லாம் பார்ப்பீர்களா ஐயா என்றேன். "சக்கரம் ரவுண்டாத்தானம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்கினார்.

பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் ஓரிடத்தில் இரண்டு எம்.எம். போல வலதுபக்கம் ஓடி வந்து பிரேக் கட்டையைத் தொட்டது. கோட்டம். விரல் நகத்தால் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங், டொப். அந்த டொப்பில் நிறுத்தினார். தளர்ந்த கம்பி. நிப்பிள் கீயை மாட்டிக் கால் திருப்பு. சக்கரத்தைச் சுற்றி, சாக்பீஸ் துண்டை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். எங்கே ரிம் ஓடி வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை முறுக்கினார், இந்தப் பக்கக் கம்பியை அதே அளவு தளர்த்தினார். மறுபடி சுற்று. கோடு சின்னதானது. மறுபடி. இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் சாக்பீஸ் எங்கும் தொடாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. மறுபடி எல்லாக் கம்பிகளையும் சுண்டினார். எல்லாம் டிங். அறுபது ரூபாய் கேட்டார். நூறு கொடுத்தேன். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காலாப்பட்டு தாண்டும்போது விடிந்தது. அதுவரை எல்லாம் சுகம். கூனிமேட்டுக்குப் பிறகு சவுக்குத் தோப்புகள் விலகியதும் வாடைக்காற்று நேராக நெஞ்சில் வந்து மோதியது. வடக்கே போகிற சாலை, வடகிழக்கிலிருந்து காற்று. மாலை எழும் கடற்காற்றை நினைத்து வைத்திருந்த நான், காலையில் அடிக்கும் வாடையை மறந்துவிட்டேன்.

சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவரின் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். எதிர்க்காற்று அடித்தால் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போகிற தண்டனைதான். கீழே வளைந்த ஹேண்டில் எதற்கு என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி இறங்கும் அந்தக் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்தேன். நெஞ்சு காற்றுக்கு மறைந்தது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் நடுவில் ஒன்று. பெடல் ஒரு சுற்றுக்கு நாலு மீட்டர் சொச்சம் நகரும் கணக்கு. மணிக்குப் பதினெட்டு, இருபது. வேறு சைக்கிளில் இந்தக் காற்றில் பன்னிரண்டு போயிருப்பேன். நான் கவனித்தது வேறு. ஒரு மணி நேரம் குனிந்தே ஓட்டியும் கழுத்து வலிக்கவில்லை. முழங்கை இயல்பாக மடங்கியிருந்தது. இந்தக் கீழ்ப்பிடி, அளவு சரியான வண்டியில்தான் பயன்படும். 54இல் உட்கார்ந்திருந்தால் அதை எட்டிப் பிடிக்கவே முடியாது. ரோடு பைக் வாங்கியும் ரோடு பைக்கின் பலன் கிடைத்திருக்காது.

மரக்காணத்தில் உப்பளங்கள். பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சி, சேற்றைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் கடந்துபோகும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அதைப் பாடிய நத்தத்தனாரும் இந்தப் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர்தான். யாழைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தவர்களின் வழியில் போகிறோம் என்ற நினைப்பில், சாலையோரத்துக் கிழிந்த லாரி டயரைக் கவனிக்கவில்லை. வெடித்த டயரிலிருந்து மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகள் சிதறிக் கிடக்கும். சைக்கிளுக்கு ஆணியைவிட அதுதான் எமன். இருநூறு மீட்டர் தள்ளிப் பின்சக்கரம் தொய்ந்தது.

மாற்று டியூப் இருந்தது. மாட்டுவதற்கு முன் பனியன் துணியை டயருக்குள் விட்டுச் சுற்றிலும் இழுத்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டியது. கால் அங்குலக் கம்பி. அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். விரலால் இந்த வேலையைச் செய்யக் கூடாது, கம்பி நகக்கண்ணில் ஏறும். கைப்பம்பால் இருநூறு முறை அடித்தும் டயர் பாதிதான் இறுகியது. தள்ளிக்கொண்டே போய்ச் சாலையோரப் பஞ்சர் கடையில் நின்றேன். கடைக்காரத் தம்பி கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுவந்து வால்வைப் பார்த்துக் கையை விரித்தான். "இந்த மூக்குக்கு நம்மகிட்ட இல்லக்கா." ரோடு பைக் டியூபில் இருப்பது பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. கம்ப்ரஸர் முனை பைக், கார்களின் தடித்த வால்வுக்கானது. அப்போதுதான் அந்தப் பித்தளைத் திருகாணி நினைவுக்கு வந்தது. ஒல்லி வால்வின் நுனியைத் தளர்த்தி அதன்மேல் இதைத் திருகினால் தடித்த வால்வாகிவிடும். கம்ப்ரஸர் குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. முப்பது ரூபாய்ப் பொருள். எத்தனை ஆயிரம் போட்டு வாங்கிய வண்டியாக இருந்தாலும் அது இல்லாவிட்டால் நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான். சைக்கிளுக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்காவது டியூப், பம்பு, ஹெல்மெட், விளக்கு, பூட்டுக்கு வைத்துவிடவேண்டும். முழுவதையும் வண்டியில் போட்டுவிட்டு இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்பது மணி வாக்கில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் மூன்று பெண் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் என் பக்கத்தில் வந்தார்கள். பதினொன்றாம் வகுப்பாம். காற்றுக்கு என் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டு வரிசையாகப் பின்னால் வந்தார்கள். கொஞ்ச தூரம் கழித்து ஒருத்தி முன்னால் வந்து வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஏன் காரியர் இல்ல?"

"இது வேகமாப் போறதுக்குன்னு செஞ்சதும்மா."

"அப்ப பையை எங்க வைப்பீங்க? தம்பிய எங்க உக்கார வைப்பீங்க?"

நியாயமான கேள்வி. நான் வாங்கிய வண்டியில் பின்கவட்டையில் காரியரும் மட்கார்டும் மாட்ட மரைத்துளைகள் இருக்கின்றன. எல்லா ரோடு பைக்கிலும் இருக்காது. அவளிடம் காட்டினேன். தினமும் வேலைக்குப் போக வாங்குகிறவர்கள், ஐப்பசி கார்த்திகையில் முதுகில் சேறு அடிக்காமல் போக நினைக்கிறவர்கள், எடை குறைவா என்று பார்ப்பதற்கு முன்னால் இந்தத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். கொடுத்தேன். ஏறினாள், கால் எட்டியது, கை எட்டியது. சீருடைத் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு பாய்ந்து போனாள். தோழிகள் இருவரும் கத்திக்கொண்டே துரத்தினார்கள். அவளுடைய கனமான சைக்கிளை நான் மிதித்துக்கொண்டு போனேன். திரும்பத் தரும்போது விலை கேட்டாள். சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை, ஹேண்டிலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கடப்பாக்கத்தில் இளநீர். ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் சாலையைப் பார்த்தேன், இன்னொரு நாள் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு சாலையை அகலப்படுத்தும் வேலை, மாற்றுப்பாதையில் ஜல்லி. 28 எம்.எம். டயர் அதைத் தாங்கியது. பாலாற்றுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தேன். மூன்று மணிக்கு மாமல்லபுரம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உட்காரும் எலும்பு இரண்டும் வலித்தன. அது வலிக்கத்தான் செய்யும், பத்து நாள் ஓட்டினால் பழகும். கழுத்தும் கையும் வலிக்கவில்லை. கழுத்து வலி மட்டும் பழகாது, அது அளவுக் கோளாறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் முதல் மாதத்திலேயே சைக்கிளை விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் கோவளம், முட்டுக்காடு, நீலாங்கரை. சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக எதிரே வந்தார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள வண்டிகளும் உண்டு. கையசைத்தவர்களுக்கு நானும் கையசைத்தேன். ஒன்பதரைக்கெல்லாம் திருவான்மியூர் வந்துவிட்டேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். "பார் இருக்கே" என்றாள். இருக்கட்டும் அம்மா, தாண்டிப் பாரு என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. பாருக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. அப்படியே கொஞ்ச நேரம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி, காபி போடப் போனாள்.

நான் ஈரத் துணியால் ஃபிரேமில் படிந்திருந்த உப்பைத் துடைத்தேன். எங்கள் வீட்டிலிருந்தும் கடல் அரை கிலோமீட்டர்தான். சீட் போஸ்ட்டை முழுதாக உருவி எடுத்து, அலுமினியம் மினுங்கும்வரை பனியன் துணியால் தேய்த்து, சுற்றிலும் கிரீஸ் தடவி, 64.5இல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்தக் கோடுவரை மறுபடி இறக்கினேன்.